காணாமற்போன காய்ச்சல்

நுழையும்முன்

2020ஆம் ஆண்டில் ஒரு புதிய தீநுண்மி உலகத்தையே வீட்டுக்குள் இருத்தியது. அதே காலத்தில், ஆண்டுதோறும் மழையோடு வந்துபோகும் பழைய சளிக்காய்ச்சல் ஒன்று பல நாடுகளில் ஓசையின்றி மறைந்தது. யாரும் அதனைத் துரத்தவில்லை. வேறொன்றைத் துரத்தியபோது அதுவும் சேர்ந்து விலகியது. அது எவ்வாறு விலகியது, எவ்வாறு திரும்பியது, எது திரும்பவே இல்லை என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஐப்பசியின் வழக்கம்

காரைக்குடியை அடுத்துள்ள புதுவயல், அரிசி ஆலைகளால் பெயர்பெற்ற ஊர். நெல் அவிக்கும் மணமும் உமித்தூசியும் அவ்வூர்க் காற்றில் கலந்தே இருக்கும். அதனால் இருமலை அங்கு யாரும் பெரிதாகக் கருதுவதில்லை. தூசு இருமல் என்று சொல்லிக் கடந்துவிடுவர். ஆயினும் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பின்னர் வரும் இருமல் வேறு வகை. அது முதலில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையைப் பற்றும். இரண்டு மூன்று நாள்களில் வீட்டிலுள்ள தம்பி தங்கையரைப் பற்றும். அதன்பின் அப்பத்தாவும் ஐயாவும் படுக்கையில் விழுவர். வகுப்பறையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களை அழைக்கும் ஆசிரியர், “வரவில்லை ஐயா, காய்ச்சல்” என்னும் விடையை அந்த இரு மாதங்களும் கேட்டுக்கொண்டே இருப்பார். வீடுகளில் நொச்சி இலை கொதிக்கும், மிளகுச்சாறு மணக்கும்.

இவ்வழக்கம் புதுவயலுக்கு மட்டும் உரியதன்று. இன்ஃபுளுயன்சா என்னும் சளிக்காய்ச்சலின் பரவலை இந்திய நகரங்கள் பலவற்றில் ஆண்டுக்கணக்கில் கண்காணித்த ஆய்வாளர்கள், அது இடத்துக்கு இடம் வெவ்வேறு மாதங்களில் உச்சத்தை எட்டுவதைக் கண்டனர். ஸ்ரீநகரில் கடுங்குளிர் நிலவும் ஜனவரி முதல் மார்ச் வரை அது மிகுகிறது. தில்லியிலும் புனேயிலும் கொல்கத்தாவிலும் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி மிகுகிறது. சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மிகுகிறது. ஆக, மழையின் காலக்கணக்கு மாறும் இடத்தில் காய்ச்சலின் காலக்கணக்கும் மாறுகிறது. மழைக்காலத்தில் மக்கள் சாளரங்களை அடைத்துக்கொண்டு ஒரே கூரையின்கீழ் நெருங்கி இருப்பது இதற்குரிய காரணங்களுள் ஒன்று.

மூச்சுக்குழாயைத் தாக்கும் இத்தகைய தீநுண்மிகள் பல. இன்ஃபுளுயன்சாவோடு, கைக்குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கி மூச்சிரைக்கச் செய்யும் ஆர்.எஸ்.வி. என்னும் வைரசும், சாதாரணச் சளியைத் தரும் ரைனோ வைரசும் இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இருமும்போதும் பேசும்போதும் வெளிப்படும் நுண்துளிகளின் வழியாகவும், மூக்கைத் துடைத்த கையின் வழியாகவும் இவை ஒருவரிடமிருந்து மற்றவரை அடைகின்றன. இவற்றுக்குக் கால்கள் இல்லை. மனிதர் நடந்தால்தான் இவை நடக்கும்.

கதவுகள் அடைபட்ட நாள்

2020 மார்ச் மாதத்தின் நடுவிலேயே தமிழ்நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடையாணை நடைமுறைக்கு வந்தது. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. தொடர்வண்டிகளும் பேருந்துகளும் நின்றன. கோயில் விழாக்கள் நிறுத்தப்பட்டன. ஆயிரம் பேரைக் கூட்டி விருந்து படைப்பதைப் பெருமையாகக் கொண்ட செட்டிநாட்டில், ஐம்பது பேருக்கு மேற்படாத கூட்டத்தோடு திருமணங்கள் நடந்தன. முகக்கவசம் அணியாதோர் தண்டம் செலுத்தினர்.

வெளிநாட்டு வானூர்திப் போக்குவரத்தும் அவ்வாரமே நின்றது. வழக்கமான பன்னாட்டுப் பயணியர் வானூர்திகள் 2022 மார்ச் 27 அன்றுதான் மீண்டும் பறக்கத் தொடங்கின. காய்ச்சலைப் பற்றிய பாடத்தில் இச்செய்தி எதற்கு என்று தோன்றலாம். இன்ஃபுளுயன்சா வைரசு ஓயாமல் உருமாறும் இயல்புடையது. கிழக்கு ஆசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் புதிய உருவங்கள் தோன்றி, பயணிகளோடு உலகைச் சுற்றி வருவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் தலைமுறை தலைமுறையாகப் போய்வந்துகொண்டிருக்கும் மக்களின் ஊர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. பெட்டியோடு பண்டமும் வரும். மூச்சோடு காய்ச்சலும் வரும். அந்த வழி ஏறத்தாழ இரண்டாண்டுகள் அடைபட்டுக் கிடந்தது.

தெற்கிலிருந்து வந்த முதற்செய்தி

நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் ஏப்ரல் முதல் குளிர் தொடங்கும். ஆகவே ஊரடங்கு, பருவகால வைரசுகளை என்ன செய்தது என்பதை முதலில் கண்டவர்கள் அந்நாட்டவரே. ஆஸ்திரேலியா, சிலி, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் 2017 முதல் 2019 வரையிலான மூன்று ஆண்டுகளின் ஏப்ரல் முதல் ஜூலை வரையான மாதங்களில் 1,78,690 மாதிரிகள் ஆராயப்பட்டன. அவற்றுள் 24,512 மாதிரிகளில், அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 14இல், இன்ஃபுளுயன்சா இருந்தது. 2020ஆம் ஆண்டின் அதே மாதங்களில் அம்மூன்று நாடுகளிலும் 83,307 மாதிரிகள் ஆராயப்பட்டன. இன்ஃபுளுயன்சா காணப்பட்டவை எத்தனை? ஐம்பத்தொன்று!

இவ்வெண்ணைக் கண்ட பலருக்கும் ஓர் ஐயம் எழுந்தது. எல்லாரும் கொரோனாவையே தேடியதால் மற்றக் காய்ச்சல்களைத் தேடாமல் விட்டுவிட்டார்களோ என்பதே அது. நல்ல ஐயம்தான். கண்காணிப்புக் குறைந்தால் நோயும் குறைந்ததுபோல் தோன்றும் என்பதை எந்தப் புள்ளிவிவரத்தைப் படிக்கும்போதும் நாம் மறக்கக் கூடாது. ஆனால் இங்கு எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளில் தேடிய பின்னரே ஐம்பத்தொன்று கிடைத்துள்ளது. பின்னர் வடக்கிலும் இதே நிலை காணப்பட்டது. அமெரிக்காவில் 2019–20 பருவத்தில் இன்ஃபுளுயன்சாவால் இறந்த சிறுவர் 199 பேர் எனப் பதிவானது. அடுத்த பருவத்தில் அவ்வெண்ணிக்கை ஒன்று.

ஒன்று அடங்கியது, மற்றொன்று அடங்காதது ஏன்?

இங்கேதான் மாணவர் பலரும் தடுமாறும் வினா எழுகிறது. முகக்கவசமும் இடைவெளியும் காய்ச்சலை ஒழித்தன என்றால், அவை கொரோனாவை ஏன் ஒழிக்கவில்லை? கொரோனா பரவிக்கொண்டே இருந்தது என்றால், அவற்றால் பயன் இல்லை என்பது பொருளா?

விடை எளிய பெருக்கற்கணக்கில் உள்ளது. பருவகால இன்ஃபுளுயன்சா உள்ள ஒருவர் சராசரியாக 1.3 பேருக்கு அதனைத் தருகிறார் எனக் கொள்வோம். ஊரில் பெரும்பாலோர் முன்னரே அந்நோயைக் கண்டு ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருப்பதால் இவ்வெண் சிறிதாக இருக்கிறது. கொரோனா புதிய நோய். எதிர்ப்பாற்றல் அப்போது எவரிடமும் இல்லை. எனவே தொடக்கக் காலத்தில் அது உள்ள ஒருவர் 2.6 பேருக்குத் தந்தார் எனக் கொள்வோம். ஊரடங்கு மக்களின் தொடர்பைச் சரிபாதியாகக் குறைத்தால் முதலாவது எண் 0.65 ஆகும், இரண்டாவது 1.3 ஆகும். ஒரே தடை, ஒரே அளவு. ஆனால் ஒன்று 1 என்னும் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. மற்றொன்று கோட்டுக்கு மேலேயே நிற்கிறது.

இப்போது நூறு நோயாளிகளிலிருந்து தொடங்கிப் பத்துக் கைமாற்றங்கள் வரை பெருக்கிப் பாருங்கள். 0.65ஐப் பத்து முறை பெருக்கினால், நூறு பேர் என்பது ஏறத்தாழ ஒருவராகச் சுருங்கும். 1.3ஐப் பத்து முறை பெருக்கினால், நூறு பேர் என்பது ஆயிரத்து முந்நூற்றைத் தாண்டும். இன்ஃபுளுயன்சா ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போக ஏறத்தாழ மூன்று நாள்களே ஆகும். ஆகவே ஒரு மாதத்துக்குள் அது அணைந்துவிடுகிறது. கொரோனாவைப் பொறுத்தவரை, தடை இல்லாதிருந்தால் இன்னும் விரைவாகப் பெருகியிருக்கும் என்பதே கணக்கு காட்டும் உண்மை. பயன் இல்லை என்பதன்று.

இதில் முகக்கவசத்தின் பங்கு எவ்வளவு, பள்ளி மூடியதன் பங்கு எவ்வளவு, வானூர்தி நின்றதன் பங்கு எவ்வளவு எனப் பிரித்துச் சொல்லலாமா? எல்லாம் ஏறத்தாழ ஒரே காலத்தில் அடுத்தடுத்து வந்தவை. ஒரே குழம்பில் கொட்டிய உப்பையும் புளியையும் பின்னர்ப் பிரித்து எடுக்க இயலாது. ஒன்றையே முழுக் காரணமாக்கிப் பேசுவோரின் பேச்சைச் சற்று நிதானித்துக் கேட்பது நன்று.

அடங்காத சளி

எல்லாச் சளியும் மறைந்துவிடவில்லை. ரைனோ வைரசு தடைக்காலத்திலும் பரவிக்கொண்டுதான் இருந்தது. ஹாங்காங்கில் 2020ஆம் ஆண்டின் இறுதியில் பள்ளிகள் திறந்தபோது, பிள்ளைகள் முகக்கவசம் அணிந்திருந்தும், மழலையர் பள்ளிகளிலும் தொடக்கப் பள்ளிகளிலும் அது வேகமாகப் பரவியது. காரணத்தின் ஒரு பகுதி அதன் உடலமைப்பில் இருக்கிறது. இன்ஃபுளுயன்சாவுக்கும் கொரோனாவுக்கும் கொழுப்பாலான மேலுறை உண்டு. எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பதுபோலச் சோப்பு அவ்வுறையைக் கரைத்துவிடும், வைரசு சிதைந்துவிடும். ரைனோ வைரசுக்கு அந்த உறையே இல்லை. கைதூய்மிக்கு அது எளிதில் மடிவதில்லை. மேசையிலும் கதவுப்பிடியிலும் நெடுநேரம் தாக்குப்பிடிக்கிறது. அதன்பொருட்டுக் கைகழுவுவதை விட்டுவிடலாகாது. ஓடும் நீரில் தேய்த்துக் கழுவினால் மடியாததும் அடித்துச் செல்லப்படும்.

தவணை தவறி வந்தவை

ஊரடங்கு தளர்ந்ததும் பழைய வைரசுகள் திரும்பின. ஆனால் பழைய நாள்காட்டியின்படி திரும்பவில்லை. ஆஸ்திரேலியாவில் 2020ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் காணப்படாத ஆர்.எஸ்.வி., அவ்வாண்டின் இறுதியில், அந்நாட்டின் கோடைத் தொடக்கத்தில், எழுந்தது. அமெரிக்காவிலும் 2021ஆம் ஆண்டுக் கோடையில் அது பெருகியது. நியூசிலாந்து 2021 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவுடன் தனிமைப்படுத்தலற்ற பயணத்தைத் திறந்தது. அடுத்து வந்த குளிர்காலத்தில் அந்நாட்டு மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகள் ஆர்.எஸ்.வி. நோயாளிகளால் நிரம்பின.

காரணம் கடினமானதன்று. ஒவ்வோர் ஆண்டும் பிறக்கும் குழந்தைகளில் பலர் முதல் ஆண்டிலேயே இவ்வைரசைச் சந்தித்துவிடுவர். தடைக்காலத்தில் பிறந்தவர்கள் சந்திக்கவில்லை. கதவு திறந்தபோது புதிதாகப் பிறந்தவர்களும், ஓராண்டு ஈராண்டு நிரம்பியவர்களும் ஒருசேர அதன்முன் நின்றனர். எரிக்கப்படாத சருகு இரண்டு ஆண்டு சேர்ந்த தோப்பில் ஒரு பொறி விழுந்ததைப் போன்ற நிலை அது.

இந்நிலையை ‘எதிர்ப்பாற்றல் கடன்’ என்று சிலர் அழைத்தனர். கடன் என்னும் சொல் கொண்டுவிற்றுப் பொருளீட்டிய செட்டிநாட்டுக்குப் புதிதன்று. அதன் பொருளை நன்கறிந்தவர்கள் இச்சொல்லாட்சியில் உள்ள பிழையையும் எளிதில் காண்பர். முதலாவது, நோய் வராததால் ஒருவருடைய உடலின் எதிர்ப்பாற்றல் துருப்பிடித்துப் போவதில்லை. குறைந்தது தனி ஒருவரின் வலிமையன்று. ஊரில் அந்நோயை முன்னரே கண்டவர்களின் விகிதமே குறைந்தது. இரண்டாவது, கடன் என்றால் அசலும் வட்டியுமாகத் தீர்த்தாக வேண்டும். இங்கு அப்படி இல்லை. ஆர்.எஸ்.வி. பிறந்து ஆறு மாதங்கள் நிரம்பாத குழந்தைக்கே மிகக் கொடியது. இரண்டு மாதத்தில் வரவேண்டிய நோய் இரண்டு வயதில் வந்தால், மூச்சுக்குழாய் விரிந்து வளர்ந்த பின்னர் வந்தால், பல குழந்தைகளுக்கு அது வெறும் சளியாகக் கடந்துபோகும். தவணை தள்ளியதே ஒரு பயன். ஆனால் தள்ளிப்போன தவணைகள் எல்லாம் ஒரே நாளில் வந்து வாசலில் நின்றால் மருத்துவமனைப் படுக்கைகள் போதா. அதுவே நியூசிலாந்து கண்ட இடர்.

திரும்பாத ஒன்று

மனிதரிடையே ஆண்டுதோறும் பரவும் இன்ஃபுளுயன்சாவில் நான்கு கிளைகள் இருந்தன. ஏ பிரிவில் எச்1என்1, எச்3என்2 என இரண்டு. பி பிரிவில் விக்டோரியா, யமகட்டா என இரண்டு. தடைகள் தளர்ந்தபின் முதல் மூன்றும் திரும்பின. யமகட்டா திரும்பவில்லை. 2020 மார்ச்சுக்குப் பிறகு இயற்கையில் அது பரவுவதாக உறுதிசெய்யப்பட்ட சான்று உலகில் எங்கும் கிடைக்கவில்லை. ஏற்கெனவே குறைவாகப் பரவிக்கொண்டிருந்த கிளை அது. மெதுவாகவே உருமாறும் இயல்புடையது. ஆகவே புதிய ஆள்கள் கிடைக்காத காலத்தைத் தாங்க இயலாமல் போயிற்று என அறிஞர் கருதுகின்றனர்.

நான்கு கிளைகளுக்கும் எதிரான தடுப்பூசி செய்யப்பட்டு வந்தது. இனி யமகட்டாவை அதில் சேர்க்கத் தேவையில்லை என உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2023 செப்டம்பரில் அறிவித்தது. நான்கு மூன்றாயிற்று. பெரியம்மையை ஒழிக்க உலகம் திட்டமிட்டு, பணம் திரட்டி, வீடு வீடாகச் சென்று பல்லாண்டு உழைத்தது. யமகட்டாவையோ யாரும் குறிவைக்கவே இல்லை.

தெரிந்து தெளிவோம்

இன்ஃபுளுயன்சா பி பிரிவின் இரு கிளைகளுக்கும், அவற்றின் முன்மாதிரி வைரசு கண்டறியப்பட்ட இடத்தின் பெயரே இடப்பட்டது. விக்டோரியா, ஆஸ்திரேலியாவின் ஒரு மாநிலம். அங்கு 1987இல் பெறப்பட்ட வைரசு அப்பெயரைப் பெற்றது. யமகட்டா, ஜப்பானில் உள்ள ஓர் ஊர். அங்கு 1988இல் பெறப்பட்டது அப்பெயரைப் பெற்றது. புதிதாகக் கண்டறியப்படும் நோய்களுக்கு ஊர்ப்பெயர் சூட்ட வேண்டா என உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. ஊரின்மீதும் ஊராரின்மீதும் பழி படியாதிருப்பதற்காகவே இவ்வறிவுரை.

பள்ளியின் கதவு

தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்று திறக்கப்பட்டன. மூடும்போது முதல் வகுப்பில் இருந்த பிள்ளை, திறக்கும்போது மூன்றாம் வகுப்பில் வந்து அமர்ந்தது. பத்தொன்பது மாதங்கள். இடையில் அரிசியும் பருப்பும் வீட்டுக்குக் கொடுக்கப்பட்டன. ஆயினும் தோழரோடு வரிசையில் அமர்ந்து உண்ணும் சத்துணவுக்கு அவை ஈடாகவில்லை. கைப்பேசி உள்ள வீட்டுப் பிள்ளை ஏதோ படித்தது; இல்லாத வீட்டுப் பிள்ளை எழுத்துகளை மறந்தது. பெரிய பிள்ளைகளில் சிலர் வேலைக்குச் சென்று கூலி கண்டபின் வகுப்புக்குத் திரும்பவே இல்லை. காய்ச்சல் மறைந்ததை எண்ணிப் பார்க்கும்போது, அதற்குக் கொடுத்த விலையையும் அதே பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

இது கடந்துபோன செய்தியன்று. 2022 செப்டம்பரில் சிறுவரிடையே காய்ச்சல் பெருகியபோது புதுச்சேரி அரசு எட்டாம் வகுப்பு வரையான பள்ளிகளுக்கு விடுமுறை அளித்தது. 2023 மார்ச்சில் எச்3என்2 பரவியபோதும் அவ்வாறே செய்தது. அந்த மார்ச்சில் தமிழ்நாடு அரசு பள்ளிகளை மூடாமல், மாநிலமெங்கும் ஆயிரம் இடங்களில் காய்ச்சல் முகாம்களை நடத்தியது. ஒரே நோய், அண்டை அரசுகள், இருவேறு முடிவுகள். பள்ளியை மூடினால் பரவல் குறையும் என்பதில் ஐயமில்லை.  ஆனால் ஆண்டுதோறும் வரக்கூடிய ஒன்றுக்கு ஆண்டுதோறும் பள்ளியை மூட இயலாது. காய்ச்சலுள்ள பிள்ளை மட்டும் வீட்டில் இருந்தால் நலமான நாற்பது பிள்ளைகளும் வகுப்பில் இருக்கலாம் என்பதே இப்பாடத்தை எழுதியவரின் துணிபு.

அதற்குத் தடையாக இருப்பவற்றுள் ஒன்று நம் கையாலேயே உண்டானது. ஒருநாளும் விடுப்பு எடுக்காத மாணவருக்கு ஆண்டுவிழாவில் பரிசு வழங்குவது பல பள்ளிகளின் வழக்கம். இதனை எழுதுபவரும் அப்பரிசை ஆண்டுதோறும் வழங்கியவரே. அப்பரிசுக்காக உடல் கொதிக்க வந்து கடைசி இருக்கையில் தலைசாய்த்துக் கிடந்த பிள்ளைகளை அப்போது பாராட்டினோம். அவர்களுக்கு அருகில் அமர்ந்தவர்களின் பெயர்களுக்கு நேரே, சில நாள்களில் ‘வரவில்லை’ என்று குறித்தபோது, இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

மற்றொன்று காற்று. செட்டிநாட்டு வீடுகளின் முகப்பைக் கடந்து உள்ளே சென்றால், வானம் தெரியும் முற்றமும் அதனைச் சுற்றிய வளவும் இருக்கும். வாசலில் நின்றால் பின்கட்டு வரை நேர்க்கோட்டில் காற்று ஓடும். வைரசை அறிந்து கட்டிய வீடுகள் அவை என்று பெருமை பேசுவது மிகை. வெப்பத்துக்கும் வெளிச்சத்துக்குமாக வகுத்த அமைப்பு அது. என்றாலும் தேங்காத காற்றில் நுண்துளிகள் செறிவதில்லை என்பது எந்தக் காலத்துக்கும் பொருந்தும். மழைச்சாரலுக்கு அஞ்சி எதிரெதிர்ச் சாளரங்கள் இரண்டையும் அடைத்துவிட்ட வகுப்பறையில், ஒரு பக்கச் சாளரத்தையாவது திறந்துவைத்தால் சாரல் படும் இரண்டு மேசைகளை நகர்த்த வேண்டியிருக்கும். அவ்வளவே செலவு.

கற்பவை கற்றபின்

1. பரவல் எண் 1.5 எனவும், தடை மக்கள் தொடர்பை மூன்றில் ஒரு பங்கு குறைப்பதாகவும் கொள்க. ஆறு கைமாற்றங்களுக்குப் பின் நூறு நோயாளிகள் எத்தனை பேராவர் எனக் கணக்கிட்டு, கிடைக்கும் விடையின் பொருளை வகுப்பில் உரையாடுக.

2. ஆசிரியரின் இசைவுடன் உங்கள் பள்ளியின் பழைய வருகைப் பதிவேடுகளில் 2019, 2022, 2023 ஆகிய ஆண்டுகளின் அக்டோபர், நவம்பர் மாதங்களை ஒப்பிடுக. மாணவர் பெயர்களைக் குறிக்காமல், வராத நாள்களை மட்டும் எண்ணி வரைபடம் வரைக.

3. காய்ச்சலுற்ற மாணவர் வீட்டில் இருப்பதற்கு இடையூறு இல்லாத வகையில் வருகைப் பரிசின் விதியை எவ்வாறு மாற்றலாம்? உங்கள் கருத்தைத் தலைமையாசிரியருக்கு எழுதும் கடிதமாக அமைக்க.